செய்த வினையும் செய்யாத வினையும்

கணந்தோறும் மாறிவரும் தேகம், இந்திரியம், அறிவு ஆகியவற்றின் கூட்டத்துக்கு அப்பால் ஆன்மா என்று தனியே ஒன்று இல்லை என்பாரை நோக்கி, நியாய பாஷ்யகாரராகிய வாத்ஸ்யாயனர் சாட்டிய தோஷங்கள் இரண்டு. செய்தவன் பலனை அடையுமுன்பே மறைந்துவிடுவதால் செய்த வினை வீணாவது கிருதஹானி. பின்வந்த வேறொருவன், தான் செய்யாத வினையின் பலனைச் சுமக்க நேர்வது அகிருதாப்யாகமம். பிற்காலத்தில், எல்லாம் கணந்தோறும் அழியும் என்னும் பௌத்தரின் க்ஷணிக வாதத்தின்மீதும் இந்த அம்பே எய்யப்பட்டது.

அந்தப் பழைய வாதத்தை, இன்றைய கணினிக்கூட்டம் ஒன்றில் வைத்துச் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2010இல் ஷே பானன் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருள், தரவை ஷார்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பிரைமரி என்னும் முதன்மைப் பிரதியும் ரெப்ளிகா என்னும் அதன் நகல்களுமாக, நோடு எனப்படும் வெவ்வேறு கணினிகளில் வைத்துக் காக்கிறது. பிரைமரி இருந்த நோடு விழுந்தால் ஒரு ரெப்ளிகா அந்த ஸ்தானத்துக்கு உயர்த்தப்படுகிறது. போன நோடு திரும்பிவரக் கூடுமென்று, வேறு ஏற்பாடு இல்லாதவரை ஒரு நிமிஷம் பொறுத்திருந்த பின்னரே, குறைந்த பிரதிக்கு ஈடாகப் புதியது எழுப்பப்படுகிறது.

எழுதுதல், திருத்துதல், நீக்குதல் ஆகிய ஒவ்வொரு செயலுக்கும் பிரைமரி ஒரு வரிசை எண் இடுகிறது. ஒத்திசைந்த பிரதிகள் அனைத்தும் ஏற்ற பின்னரே, எழுதச் சொன்னவருக்குப் பதில் போகிறது. ஆகையால், அத்தகைய பிரதி ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை, பதில் சொல்லப்பட்ட செயல் அதைச் செய்த பிரைமரியோடு மாய்வதில்லை; கிருதஹானிக்கு இடமில்லை. பழைய பிரைமரி மீண்டு வரும்போதோ, மற்றவற்றுக்கு எட்டாமல் அதனிடம் மட்டும் தங்கிவிட்ட பதிவுகள் தள்ளப்பட்டு, எல்லாப் பிரதிகளும் பொதுவாக எட்டியிருந்த எண்ணுக்குப் பின் நடந்தவை யாவும் புதிய பிரைமரியிடமிருந்து பெற்று நிகழ்த்தப்படுகின்றன; இதனால் அகிருதாப்யாகமமும் ஒழிகிறது. நீக்கமும் இங்கே எண் பெற்ற ஒரு செயலாகவே நினைவில் வைக்கப்படுவது என்னை மிகவும் கவர்ந்த நுட்பம். வழக்கமான அமைப்பில் 12 மணி நேரத்துக்குள் திரும்பும் பிரதிக்கு விடுபட்டவற்றைச் சொன்னாலே போதும். அதற்குமேல் தாமதித்தால் கோப்புகளையே நகலெடுக்க நேரலாம்.

வாரிசாக வந்த ஷார்டில் பழைய வட்டின் ஓர் அணுவும் இல்லை. நிலைத்த திரவியம் ஏதுமின்றி, செயல்களின் வரிசையும் அவற்றுக்குப் பலர் நின்ற சாட்சியமுமே இரு தோஷங்களையும் நீக்கிவிட்டன. எனவே, வினையும் பலனும் பிறழாதிருக்க நித்தியமான ஆன்மா வேண்டும் என்ற அனுமானம் அந்த அளவுக்குத் தளர்கிறது என்பதே என் துணிபு.

“அங்கே பலனை அனுபவிக்கும் போக்தா யார்?” என்று நையாயிகர் கேட்பார். கேள்வி நியாயமானதே; ஷார்டுக்குச் சுகதுக்கம் இல்லை, தரவை ஏற்றுவோரும் தேடுவோரும் வெளியிலிருக்கும் மனிதர்களே. ஆனால் அவ்வாறு கேட்டமாத்திரத்தில், செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவனே என்று நிறுவ வேண்டி, அவர் கர்மத்தை விட்டு, முன்பு கண்டவனே இப்போது நினைக்கிறான் என்னும் பிரத்யபிக்ஞைக்கு வந்துவிடுகிறார். அவருடைய வலிய பிரமாணம் அதுவே. ஆன்மாவை நிறுவ விரும்புவோர் அங்கிருந்தே தொடங்கட்டும்.