நாலு பேரைப் பார்ப்பது

"நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை" என்று சொல்லிக் கொள்வதில் எனக்கு நெடுங்காலமாக ஒரு பெருமை உண்டு. கதை எழுதி நாலு பேருக்குத் தெரிந்தவனாகிவிட்டால், 'அவர் உங்களுக்குப் பழக்கமாயிற்றே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து, அனுதாபமாக இரண்டு வார்த்தை பேசி, என் கொள்கையையும் எடுத்துச் சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு, உலகத்தில் நியாயத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு எழுத உட்காருவேன்.

சென்ற ஆண்டு எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய மகன் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் அவனும் ஒருவன். எட்டு மாதமாக வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பிக் கொண்டிருக்கிறான். இருநூறுக்கு மேல் அனுப்பியாயிற்று. வந்த பதில்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

"நாலு பேரைப் போய்ப் பாருடா என்றால் கேட்க மாட்டேன் என்கிறான், ஸார். 'தகுதியைப் பார்த்துக் கொடுத்தால் கொடுக்கட்டும், யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன்' என்கிறான்."

"அதில் என்ன தப்பு? தன்மானம் உள்ள பிள்ளை. சந்தோஷப்படுங்கள்" என்றேன்.

நண்பர் மறுத்துப் பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக் கொள்ளும்போது மட்டும், "தன்மானம் நல்லதுதான், ஸார். ஆனால் இப்போதெல்லாம் அவன் கோயிலுக்குக் கூட வருவதில்லை. 'என்ன செய்து கொண்டிருக்கிறாய்?' என்று யாராவது கேட்டுவிடுவார்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு எழுத ஓடவில்லை. நாலு பேரைப் பார்க்க மாட்டேன் என்று அந்தப் பையன் சொன்னது தன்மானத்தினாலா, அல்லது நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தினாலா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலவேதான் தோன்றும். அப்படியே, சிபாரிசு செய்ய மாட்டேன் என்று நான் சொல்வது நியாய உணர்ச்சியா, அல்லது பிறருக்காக ஒரு கடிதம் எழுதக் கூடச் சோம்பல்படும் மனமா?

சிபாரிசு என்ற சொல்லின் மேல் நமக்குள்ள வெறுப்பு காரணமில்லாமல் வந்ததல்ல. உழைத்துப் படித்தவன் வெளியே நிற்க, மேலதிகாரியின் மைத்துனனுக்கு நாற்காலி கிடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யாசிப்பது இழிவு என்பதும் சின்ன வயதிலேயே நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்தே 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். கேட்கத் தகுந்தவரிடம் கேள், அவர் இல்லையென்று ஒளித்தால் பழி அவருக்கே, உனக்கல்ல என்பது அவர் முதல் அதிகாரத்தில் சொல்லும் கருத்து. கேட்பதில் எல்லாமே ஒரே ஜாதியல்ல என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதை யோசிக்கும்போது எனக்குக் கணித மேதை ராமானுஜத்தின் நினைவு வந்தது. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கலியாணம் ஆனவர், வருமானம் இல்லாதவர். 1910ஆம் ஆண்டு வாக்கில், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டிப்டி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயருக்கு அவரை ஒரு தாலுகா ஆபீஸில் கொண்டுபோய் அமுக்க மனம் வரவில்லை; கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஒரு காலத்தில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று வாசல் மாறி வாசல் போயிற்று அந்த நோட்டு. ராவுக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. ராமானுஜம் திரும்பத் திரும்பப் போனார். பிறகு ராவ் மாதா மாதம் பணம் அனுப்பினார். ஆனால் ஒருவருக்குப் பாரமாக இருப்பது ராமானுஜத்துக்குப் பிடிக்கவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு விண்ணப்பம் போட்டார். பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதம் அதற்குத் துணை நின்றது. மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, முன்பின் பார்த்திராத ஹார்டிக்குக் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். அதற்கு முன்பு எழுதிய இரண்டு பேராசிரியர்கள் உதவவில்லை என்பதால் மூன்றாவது கடிதத்தை எழுதாமல் விடவில்லை.

இது யாசகமா? வாசல் வாசலாக நின்றது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அவர் முதலில் நீட்டியது கையை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. 'எனக்குக் கொடுங்கள்' என்பதற்கு முன்னால் 'இதைப் பாருங்கள்' என்றார். பார்த்தவர்களும் தகுதியில்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. தங்களைவிட நன்றாக மதிப்பிடக் கூடியவரிடம் அனுப்பி வைத்தார்கள். ஒருவனை வாசல் வரை அழைத்துச் செல்வது அறிமுகம். உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைப்பது சிபாரிசு. இத்தனை வருஷமாக இரண்டுக்கும் வித்தியாசம் பாராமல் நான் இரண்டையும் சேர்த்தே மறுத்து வந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரையும் மறு ஆண்டு ஒரு புத்தகமும் எழுதினார். நூற்றுக்குச் சுமார் 56 பேருக்குத் தெரிந்தவர் மூலமாகவே வேலை கிடைத்திருந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்களிலும், அடிக்கடி சந்திக்கும் மனிதர் மூலம் பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் உதவியவர்கள் எப்போதாவது பார்க்கிறவர்கள், பழைய சகாக்கள். யோசித்தால் இதில் அதிசயமில்லை. நெருங்கிய உறவினருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாத சேதி சற்று விலகி நிற்கிறவரிடம்தான் இருக்கும். மாமனும் மைத்துனனும் இல்லாதவனுக்கு இது கொஞ்சம் ஆறுதலான செய்தி.

ஆனால் முழு ஆறுதல் அல்ல. ராமானுஜம் ஏறிய படிகளில் பல, அவருடைய சமூகத்தார் வீட்டுப் படிகள். அதே காலத்தில் ஒரு சேரிக் குடிசையில், அதே மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் எந்தப் படியில் ஏறியிருக்கும்? இந்தக் கேள்விக்கு என்னால் சமாதானமாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால்தான் பகிரங்க விளம்பரமும் பொதுப் பரீட்சையும் வேண்டும். அறிமுகம் அவற்றின் இடத்தைப் பிடித்துக் கொள்ளக் கூடாது. ஆனால் இந்த அநீதியைக் காட்டி நான் என் கதவைச் சாத்திக் கொண்டால் யாருக்கு நன்மை? நூறு கதவு உள்ளவனுக்கு ஒன்று குறையும். ஒரு கதவும் இல்லாதவனுக்கு அந்த ஒன்றும் இல்லாமல் போகும்.

நண்பர் வீட்டுக்குப் போனேன். பையன் சங்கோசத்தோடு எழுந்து நின்றான்.

"உன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டு, தம்பி" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு, கிடங்குகளில் சரக்கு தேங்காமல் இருக்கத் தான் வகுத்த கணக்கு முறையைக் காட்டினான். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் சொல்லும்போது அவன் குரலில் இருந்த பயம் போய்விட்டதை மட்டும் கவனித்தேன். சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் உள்ள ஒரு வாசகரை நான் இரண்டே முறை சந்தித்திருக்கிறேன். அவருக்கு எழுதினேன். வேலை கொடுங்கள் என்று எழுதவில்லை. இந்தப் பிள்ளை செய்திருப்பதை அரை மணி நேரம் பாருங்கள் என்று எழுதினேன்.

அவரிடம் வேலை இல்லை. ஆனால் பார்த்தார். பையனுக்கு எது போதாது என்று ஒளிக்காமல் சொன்னார். மேலும் இரண்டு பேரிடம் அனுப்பினார். அவர்களில் ஒருவர் பார்க்கவே மறுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து, எனக்கு யாரென்றே தெரியாத ஒருவரிடம் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பிருந்ததைவிடக் குறைவுதான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனேன். திண்ணையில் முன்பின் பார்த்திராத ஒரு இளைஞன், மடியில் காகிதங்களை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ கிராமத்திலிருந்து வந்தவனாம். பட்டணத்தில் அவனுக்கு யாரையும் தெரியாதாம். நண்பரின் மகன் காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக் கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு நான் என் வழியே நடந்தேன்.