வராத பிசகு

வயது முதிர்ந்தபின் ஒரு வித்தையைக் கற்கப் போகிறவன் அதனால் தனக்கு வந்து சேரப்போவது இன்னதென்று ஒருவாறு கணக்குப் போட்டு வைத்திருப்பான். கைவிட்டுப் போவது ஏதேனும் உண்டோ என்று கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டவர் நூற்பு கற்பிக்கும் ஓர் அம்மாள்; அவர் அறிந்து போட்டதுமில்லை.

ராட்டையில் ஏதோ நூற்க எனக்குத் தெரியும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை தேறுமோ அத்தனையாம் நம்பர் என்பது நூல்கணக்கு. ஓரிடத்தில் நாற்பதாம் நம்பராக மெலிந்தும் அடுத்த சாணில் பத்தாம் நம்பராகப் பருத்தும் வரும் நூலுக்கு எந்த நம்பரைச் சொல்வது? அதைச் சீர்ப்படுத்திக் கொள்ளவே கதர் நிலையம் ஒன்றின் வகுப்பில் சேர்ந்தேன். கற்பித்த அம்மாள் சிறு பிராயம் முதல் நூற்பையே ஜீவனமாகக் கொண்டவர். என் நூலின் கோளாறு எங்கே பிறக்கிறது என்பதை விளக்க முனைந்து, "இருங்க ஐயா, உங்க கை எப்படிப் போகுதுன்னு செஞ்சு காட்டறேன்" என்று என் ராட்டைக்கு முன் அமர்ந்து, என் பஞ்சுப் பட்டையையே எடுத்து இழுத்தார். நூல் சீராக வந்தது. மறுபடி இழுத்தார், முன்னிலும் சீராக வந்தது. "வரமாட்டேங்குதே" என்று சொல்லி, தம் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் போய்விட்டார்.

அந்தப் பார்வைதான் என்னை விடவில்லை. அதில் பெருமிதம் இல்லை என்பது நிச்சயம். நாலு பேர் நடுவில் சொன்ன சொல் கேளாத பிள்ளையைத் தாய் பார்க்கும் பார்வை என்று ஒரு சமயம் தோன்றும். வெறும் வியப்பு என்று மற்றொரு சமயம் தோன்றும்.

நடந்ததற்குக் காரணம் சொல்லிவிடலாம். வலது கை சக்கரத்தைச் சுழற்றும்போது கதிரின் நுனியிலிருந்து ஏறும் முறுக்கு, நூல் நெடுகச் சமமாகப் பரவாமல், மெலிந்த இடம் எதுவோ அதையே நாடிச் சேர்கிறது. அவ்விடம் இறுகிவிட, பருத்த இடம் தளர்ந்து நிற்கிறது. அத்தருணத்தில் இடது கை இன்னும் சிறிது பின்வாங்குமானால், தளர்ந்த இடத்துப் பஞ்சிழைகள் ஒன்றையொன்று வழுக்கி நீள, பருமன் தானே அடங்கிப்போகும். ஆகவே என்னைப்போல் நூற்பதற்கு அந்த அம்மாள் புதிதாக எதையும் செய்யவேண்டியதில்லை. அந்தச் சிறிது தூரம் போகாமல் கையை நிறுத்தினால் போதும். கை நிற்கவில்லை. ஆலைகளில் நூல் வேண்டுமென்றே பருத்தும் மெலிந்தும் வருவதற்கென்று யந்திரத்தில் தனி ஏற்பாடு செய்து, 'ஸ்லப்' நூல் என்று பெயரிட்டு விற்கிறார்கள். இரும்பை அவ்வாறு தவறப் பழக்கலாம் போலும்.

எங்கள் பள்ளியில் தக்ளி வகுப்பு உண்டு. கொட்டாங்கச்சியில் தக்ளியின் முனையை ஊன்றிச் சுழற்றிவிட்டு, யார் நூல் முதலில் அறுகிறது என்று பார்ப்பதே எங்களுக்கு முக்கிய அப்பியாசமாக இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியை நினைத்தால் முதலில் வருபவர், முத்துப்போன்ற கையெழுத்துடைய எங்கள் தமிழ் வாத்தியார். கரும்பலகையில் அவர் எங்கள் ஒவ்வொருவருடைய கோணல் எழுத்தையும் அப்படியே எழுதிக் காட்டுவார். என் 'ழ'கரத்தின் வால் எந்த இடத்தில் துவண்டு விழுமோ அதே இடத்தில் அவர் சுண்ணாம்புக் கட்டியும் துவளும். சிரிப்பு அடங்குமுன், அதன் பக்கத்திலேயே தம் எழுத்தில் ஒன்று எழுதி வைப்பார். ஆகவே தேர்ச்சி பெற்றவனுக்குப் பிசகு எட்டாது என்று பொதுவிதி செய்துவிட இயலாது.

'சத்திய சோதனை'யில் படித்தது ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. தேசத்தின் வறுமைக்கு ராட்டையே மருந்து என்று எழுதிய காலத்தில் காந்தியடிகள் ராட்டையைக் கண்ணால் கண்டதே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். பின்னர் கங்காபென் என்னும் அம்மையார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். ஐம்பதை ஒட்டிய வயதில் நூற்கத் தொடங்கியவர் காந்தியடிகள். 1924-ஆம் வருஷம் காங்கிரஸ் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல், அதுவும் சீராக நூற்ற நூல், தரவேண்டும் என்று விதி வந்தது. இயலாதவரும் இஷ்டமில்லாதவரும் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று அதிலேயே ஒரு வழியும் இருந்தது. மறு வருஷமே நூலுக்குப் பதில் நாலணாச் சந்தாவும் ஏற்கப்பட்டது. கெஜக் கணக்கைக் காட்டிலும் அந்தச் சீர்தான் வக்கீல்களையும் வர்த்தகர்களையும் முறியடித்திருக்கும் என்பது என் ஊகம்.

கை ஸ்வாதீனப்படுவதே பயிற்சி என்கிறோம். யாருக்கு யார் ஸ்வாதீனம்? என் உறவினர் ஒருவர் ஆயுள் முழுவதும் இனிமையாகவே பேசிப் பழகியவர். தம் மகனைக் கடிந்தே ஆகவேண்டிய ஒரு நாளில் அவருக்குக் கடுஞ்சொல் வரவில்லை. அதைக் குணம் என்று ஊரார் போற்றினார்கள். மகன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. பொய் சொல்ல இயலாதவன், சொல்லத் தெரிந்தும் சொல்லாதவன், இவ்விருவரில் யாரை மேலென்பது? வாத்தியார் ஒவ்வொரு முறையும் தீர்மானித்துத்தான் அழகாக எழுதினாரோ, அன்றி அவருடைய வித்தை அந்த அம்மாளுடையதைப்போல் எலும்புவரை இறங்கவில்லையோ, கேட்டறிய அவர் இல்லை.

அம்மாளைக் கேட்கலாம். "நூல் நல்லா வந்தாச் சரிதானே, ஐயா" என்பார் என்று நினைக்கிறேன். சரிதான் என்று முழுமனத்தோடு ஒப்பவும் என்னால் இயலவில்லை. அன்று என்று மறுக்க முகாந்திரமும் அகப்படவில்லை.