காவல் நின்றவரும் காவல் வைத்தவரும்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களை நம்முள் பலர் பார்த்திருப்போம். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்புகள், காலருகே சில மாடுகள், மேலே தேய்ந்துபோன வட்டெழுத்து வரிகள். பகைவர் தொறுவைக் கவர்ந்தபோது அதை மீட்கப் போரிட்டுப் பட்டவன் இன்னான் என்பதே அவற்றுள் பலவும் சொல்லும் செய்தி. தொறு என்பது ஆநிரை. ஊரின் செல்வம் முழுவதும் மாடாக இருந்த காலத்தில் மாட்டைக் காத்தவன் ஊரைக் காத்தவன். கல்லுக்குப் படையலிடும் வழக்கம் நமக்கு உடன்பாடு அன்று. ஆயினும், தன்னைக் காத்தவனை மறவாத ஒரு சமுதாயத்தின் நன்றியுணர்வை நாம் மதிக்கவே வேண்டும்.

அக்கற்களின் முன் நிற்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. காவலில் பட்டவனுக்குக் கல் உண்டு. முப்பது ஆண்டுகள் காவல் நின்று, ஒரு கன்றும் களவு போகாமல் பார்த்து, முதுமையுற்றுப் பாயில் கிடந்து இறந்தவனுக்குக் கல் ஏது? அவன் காவலில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததே அவன் செய்த வேலை. நடக்காத ஒன்றைக் கல்லில் எப்படிச் செதுக்குவது?

இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள நாம் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்திற்கு, கால்பந்து மைதானத்திற்குப் போகவேண்டியிருக்கிறது. 'மார்க்கத்தைப் பேசும் ஏட்டில் பந்தாட்டமா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

மாலை நேரத்தில் நம் மாவட்டத்துப் பள்ளித் திடல்களில் சிறுவர்கள் பந்தாடுவதைக் கவனியுங்கள். ஓடத் தெரியாதவன், வயதில் இளையவன், அன்றுதான் புதிதாக வந்து சேர்ந்தவன் ஆகியோருள் ஒருவனையே 'கோலுக்கு' நிறுத்துகிறார்கள். இரு செங்கற்களுக்கு நடுவே அவன் நிற்கிறான். பந்து உள்ளே போய்விட்டால் பதினொரு பேரின் வசையும் அவனுக்கே. எவன் பந்தைத் தவறவிட்டான், எவன் எதிரியைத் தடுக்காமல் நின்றான் என்று யாரும் கேட்பதில்லை. பந்து யாரைக் கடைசியாகக் கடந்ததோ அவனே குற்றவாளி.

இந்தியா கண்ட கோல்காவலர்களுள் தலைசிறந்தவர் எனப் பலரும் ஒப்புக்கொள்ளும் பீட்டர் தங்கராஜ் ஒரு தமிழர். ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் சிறு சங்கங்களில் ஆடத் தொடங்கி, பின்னர் நீலகிரி வெல்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்னும் படைப்பிரிவில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் கோல் அடிக்கும் நடு முன்கள ஆட்டக்காரர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கைதட்டல் கிடைக்கும் இடத்திலிருந்து வசை கிடைக்கும் இடத்திற்கு அவர் வந்தார். அவருடைய படைப்பிரிவு 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் பந்தயங்களுக்கும் இந்திய அணியோடு சென்றார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்காவலராகத் தேர்வு பெற்றார். 1967இல் அர்ஜுனா விருது வந்தது. கல்கத்தாவின் மூன்று பெருஞ்சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் அவர் காவல் நின்றிருக்கிறார். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக்கை வென்று, நம் முன்னோர்கள் நெஞ்சு நிமிர்ந்து பேசிய அதே முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கோலைப் பிற்காலத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் காத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஒருவன் செய்த பிழைக்கு மற்றொருவன் விடை சொல்வது நீதியாகுமா? ஓர் ஆத்மாவின் சுமையை வேறோர் ஆத்மா சுமக்காது என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் ஐந்து இடங்களில் எடுத்துரைக்கிறது. மறுமையின் நீதிக்கு அதுவே அடிப்படை. அதே வேளையில், ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே, தம் பொறுப்பில் விடப்பட்டவர்களைக் குறித்து ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. முன்னது, பிறர் சுமை உனக்கில்லை என்கிறது. பின்னதோ, பிறரைப் பற்றி உன்னிடம் கேட்கப்படும் என்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும்.

மறுக்கவில்லை என்பதே நம் துணிபு. மேய்ப்பனிடம் ஆட்டின் குற்றத்தைக் கேட்கப்போவதில்லை. மேய்ப்பைப் பற்றித்தான் கேட்கப்படும். ஓநாய் வந்ததா என்பது அன்று கேள்வி. ஓநாய் வந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய் என்பதே கேள்வி. கோல்காவலனையும் அப்படித்தான் கேட்கவேண்டும். பந்து உள்ளே போயிற்றா என்று பலகையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. அவன் நிற்கவேண்டிய இடத்தில் நின்றானா என்று பார்ப்பதற்கு அறிவும் வேண்டும், அச்சமும் வேண்டும்.

அந்த அறிவும் அச்சமும் இல்லாத உலகம் என்ன செய்யும் என்பதற்குப் பிரேசில் நாட்டு மொவாசிர் பார்போசாவின் வாழ்க்கையே சான்று. 1950 ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில் உலகக் கோப்பையை முடிவு செய்யும் ஆட்டம். உருகுவேயின் ஜிக்கியா வலப்புறமாகப் பந்தைக் கொண்டுவந்தார். சற்று முன்புதான் அதே வழியில் வந்து நடுவிலிருந்தவருக்குப் பந்தைத் தந்து ஒரு கோலுக்கு வழிசெய்திருந்தார். மீண்டும் அப்படியே செய்வார் என்று எண்ணிய பார்போசா ஓரடி முன்னே வந்தார். ஜிக்கியாவோ, கம்பத்துக்கும் காவலருக்கும் இடையிலிருந்த சிறு வெளியில் பந்தைச் செலுத்திவிட்டார். பிரேசில் 2-1 எனத் தோற்றது. பார்போசா எண்ணியது பகுத்தறிவுக்கு ஒத்த எண்ணம். அது பொய்த்துப்போயிற்று, அவ்வளவே. ஆயினும் 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை அவர் அந்த ஓரடிக்காக வசை சுமந்தார். 1993இல் நாட்டு அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கச் சென்றபோது, அபசகுனம் என்று அவரை உள்ளே விடவில்லை. நாட்டின் கடுஞ்சிறைத் தண்டனைக்குக்கூட முப்பதாண்டு என்றோர் எல்லை உண்டு, தமக்கோ எல்லையே இல்லை என்று அவர் நொந்துகொண்டாராம்.

இனி வேறொரு காவலைப் பார்ப்போம். ஹிஜ்ரி 3இல், கி.பி. 625இல், உஹது மலையடிவாரத்தில் நடந்தது நாம் அனைவரும் அறிந்த வரலாறுதான். ஐம்பது வில்லாளிகளை அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஒரு குன்றின்மேல் நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் இடம்விட்டு அகலக் கூடாது என்று நாயகம் (ஸல்) கட்டளையிட்டார்கள். வெற்றி கைக்கு வந்ததுபோல் தோன்றியதும் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். தலைவரும் சிலருமே நின்றனர். நின்ற இடத்திலேயே ஷஹீதாயினர். அக்காலத்தில் எதிரணியிலிருந்த காலித் பின் வலீத் அவ்வழியே சுற்றி வந்து தாக்க, எழுபது பேர் உயிர் துறந்தனர். நாயகத்தின் திருமுகமே காயமுற்றது.

பார்போசாவின் ஓரடி கணக்குப் பிழை. இதுவோ கட்டளை மீறல். விளைவும் பன்மடங்கு கொடியது. அப்படியிருந்தும் இறங்கி வந்த வில்லாளிகள் வாழ்நாள் முழுதும் தூற்றப்பட்டார்களா? இல்லை. உஹதைப் பற்றிப் பேசும் ஆலு இம்ரான் அத்தியாயம் அவர்களின் பிழையை மறைக்காமல் எடுத்துச் சொல்கிறது. இறைவன் மன்னித்துவிட்டான் என்றும் சொல்கிறது. அதன்பின் நபியவர்களுக்கு இடப்பட்ட பணி நம் சிந்தனைக்குரியது. அவர்களை மன்னிக்கவேண்டும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடவேண்டும். அத்துடன் காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் வேண்டும்! மன்னிப்பது பெருந்தன்மை என்பார்கள். பிழை செய்தவனை மறுபடியும் அருகே அமர்த்தி, உன் கருத்து என்ன என்று கேட்பதை என்னவென்பது? காவல் வைத்தவரின் கடமை காவல் தவறியதோடு முடிந்துவிடவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நாம் கண்டதில்லை.

காவல் வைப்பது என்பது தனிக்கலை. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் சாஹிப். தொழிலால் ஆசிரியர், அந்நாளில் புற்றுநோயாளியும்கூட. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடமளிக்காததைக் குறித்து இந்திய விளையாட்டுத்துறைப் பெரியவர் ஒருவர் பேசிய பேச்சால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்துக் கொண்டிருந்தது. எதிரணியான தென்கொரியா முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2-0 என வென்ற அணி. ஜர்னைல் சிங்கின் தலையில் தையல். தங்கராஜோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். ரஹீம் சாஹிப் என்ன செய்தார்? தையல் போட்ட தலையோடு இருந்த தற்காப்பு ஆட்டக்காரரை முன்கள ஆட்டக்காரராக்கினார். உயரப் பந்துகளை எட்டிப் பிடிக்க நெடியவரான தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது. இரண்டில் ஒரு கோல் ஜர்னைலுடையது. ஒன்பது மாதங்களுக்குப் பின் 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாஹிப் வஃபாத்தானார். அன்று தோற்றிருந்தால், நோயாளியைக் கோலில் நிறுத்திய மூடர் என்று அதே நாவுகள் பேசியிருக்கும் அல்லவா? தேர்ந்தவர் அவர், தேர்வின் பொறுப்பும் அவருடையதே. பந்தைத் தொட்டவர்கள் பிறர்.

களத்தில் தானே நின்று காத்தவன் பிற்காலத்தில் பிறரைக் காவல் வைப்பவனாக மாறும்போது படும் பாட்டை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. இத்தாலியின் டீனோ ஸோஃப் 1982இல் நாற்பது வயதில் அணித்தலைவராகவும் கோல்காவலராகவும் உலகக் கோப்பையை ஏந்தியவர். பின்பு பயிற்சியாளரானார். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு எதிராக அவருடைய அணி முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் சமநிலைக் கோல் விழுந்தது. கூடுதல் நேரத்தில் தோல்வி. அந்நாட்டு அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனி வெளிப்படையாகப் பழித்துரைக்க, ஸோஃப் பதவியைத் துறந்தார். தன்மானமுள்ளவர் செய்வது அதுதான் என்பாரும் உண்டு. உஹதுக் குன்றை நினைக்கும் நமக்கோ, இன்னும் சிறிது நின்றிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. இதில் நம்மால் உறுதியாக ஒரு பக்கம் சேர முடியவில்லை.

நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேடிக்கையான சான்று தருகிறது. 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 29 பந்துகள் நடுவிலேயே வந்தன. கோல்காவலர்கள் நடுவில் அசையாது நின்றதோ நூற்றுக்கு ஆறு முறைதான். தாவித் தோற்றால், முயன்றான் என்பார்கள். நின்று தோற்றால், மரம்போல் நின்றான் என்பார்கள். ஊர் வாய்க்கு அஞ்சியே பலர் தாவுகிறார்கள். குடும்பத் தலைவர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும்கூட எத்தனையோ முறை இப்படித் தாவுவதை நாம் பார்க்கிறோமே!

தங்கராஜும் ஆட்டத்திலிருந்து ஓய்ந்தபின் பயிற்சியாளரானார். கோவாவின் வாஸ்கோ அணிக்கும், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக அணிக்கும் பயிற்சியளித்தார். பின்னர் பொகாரோ எஃகு நகரில் தங்கினார். பல்லாண்டு பந்தைக் கையால் பற்றியவர் இப்போது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். உள்ளே போகும் பந்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கவேண்டும். தாம் சொன்னதை அந்தப் பிள்ளை கேட்டானா, கேட்டும் மறந்தானா, தாம் சொன்னதே தவறா என்று உள்ளுக்குள் கணக்குப் பார்க்கவேண்டும். பெற்றோராகிய நாமும் இக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனபின் நம் கை பந்தை எட்டுவதில்லை. தங்கராஜ் 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவில் காலமானார்.

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடித்துத் தருமபுரியின் ஒரு பள்ளித் திடல் வழியே வந்துகொண்டிருந்தோம். கோலில் நின்ற எட்டு வயதுப் பையன் பந்தை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தான். மற்றவர்கள் கத்தினார்கள். அவர்களுள் மூத்தவன், அவனுடைய அண்ணன்போலும், கத்தவில்லை. அருகே வந்து குந்தி உட்கார்ந்தான். எங்கே நின்றாய் என்று கேட்டான். சிறுவன் காட்டினான். அண்ணன் செருப்பு முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, பந்து அந்தப் பக்கமிருந்து வந்தால் இங்கே நில் என்றான். பிறகு செங்கல்லைச் சரியாக வைத்துவிட்டு, அவனையே மறுபடியும் கோலில் நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கினான். மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும்வரை ஆடினார்கள். அதற்குள் இன்னும் இரண்டு கோல் விழுந்தது.