வழி யாருக்கு உரியது?

இக்ஷ்வாகு குலத்து மன்னன் கல்மாஷபாதன் வேட்டையாடிக் களைத்து, பசியும் தாகமும் வாட்ட, காட்டு வழியே திரும்பிக்கொண்டிருந்தான். ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதை அது. எதிரே வசிஷ்டரின் மூத்த மகனான சக்தி முனிவர் வந்தார். விலகும்படி ஆணையிட்டான் மன்னன். அந்தணருக்கு வழிவிடுவதே அரச தர்மம் என்று முனிவர் இனிமையாகவே எடுத்துரைத்தார். இருவரும் அசையவில்லை. பொறுமையிழந்த மன்னன் சாட்டையால் அடித்தான். முனிவர் அவனை அரக்கனாகும்படி சபித்தார். அவ்வாறே அரக்கத்தன்மை அடைந்த மன்னன் முதலில் விழுங்கியது அந்த முனிவரைத்தான். மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வரும் கதை இது. களைத்தவனிடமும் ஒரு நியாயம் இருந்தது. சாத்திரம் அறிந்தவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருவரையும் அழித்தன.

அதே இதிகாசத்தின் வன பர்வத்தில் இன்னொரு சந்திப்பு நிகழ்கிறது. ஜனகரின் வேள்விச்சாலைக்குச் செல்லும் சிறுவன் அஷ்டாவக்ரன் வழியில் மன்னரையே எதிர்கொள்கிறான். பார்வையற்றவர், செவி கேளாதவர், பெண்கள், சுமை தூக்கி வருவோர், அரசர் ஆகியோருக்கு வழி உரியது என்றும், அந்தணர் எதிர்ப்பட்டால் முதலில் அவருக்கே என்றும் அச்சிறுவன் கூறுகிறான். ஜனகர் வாதாடவில்லை, வழிவிட்டார். மனுஸ்மிருதியிலும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. முதியவர், நோயாளி, சுமை சுமப்பவர் ஆகியோருடன் அரசரும் மணமகனும் அதில் இடம்பெறுகின்றனர்.

இப்பட்டியல்களில் இரு வேறு காரணங்கள் கலந்திருப்பதைக் காணலாம். அரசருக்கு வழிவிடுவது மரியாதையின் பொருட்டு. நோயாளிக்கு வழிவிடுவது அவரது தேவையின் பொருட்டு. இன்றைய சட்டம் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், அதிகாரிகளின் வாகனங்களிலிருந்து சிவப்பு சுழல்விளக்கு அகற்றப்பட்டது. அதே ஆண்டு வெளியான வாகனம் ஓட்டுதல் விதிமுறைகள் முன்னுரிமையை முதலில் தீயணைப்பு வாகனத்திற்கும், அடுத்து ஆம்புலன்சுக்கும், அதன்பின் காவல்துறை வாகனத்திற்கும் அளிக்கின்றன. நோயாளிக்கு முன்னே நெருப்பு ஏன் என்ற கேள்வி எழலாம். நெருப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் அது ஆபத்தில் சிக்கியோரின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பதே காரணமாக இருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தண்டனைக்கு அஞ்சி விலகுபவரைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. சிந்தனைக்கு உரியவர், ஐயத்தால் விலகாதவர். ‘உள்ளே நோயாளி இருக்கிறாரா? காலி வண்டியாகத்தான் இருக்கும். ஓட்டுநர் சாப்பாட்டுக்குப் போகிறார்’ என்று அவர் எண்ணுகிறார். பண்டைய பாதையில் நோயாளி கண்ணுக்குத் தெரிந்தார். இன்று அவர் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார். ஒலி மட்டுமே சாட்சி. எனினும் இந்த ஐயம் சற்றே ஆராய்ந்தாலும் நிலைக்காது. காலியாகச் செல்லும் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் நோயாளியை நோக்கிச் செல்வது. இதயத் துடிப்பு நின்றவருக்கு முதலுதவி கிட்டாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என மருத்துவர்கள் கூறுகின்றனர். அவரிடம் போய்ச் சேரும் பயணமே மருத்துவமனைக்குத் திரும்பும் பயணத்தைவிட அவசரமானதாக இருக்கலாம். மேலும், ஏமாந்து வழிவிட்டவர் இழப்பது ஒரு நிமிடம். ஐயத்தால் வழிமறித்தவரின் கணிப்பு தவறானால் இழப்பு வேறொருவருடையது; அதைத் திருப்பித் தரவும் இயலாது. ஒலியைப் பொய்யாக எழுப்புபவர் செய்வது பெருங்குற்றமே. அடுத்து உண்மையாக வரும் ஊர்தியின் மீதான நம்பிக்கையை அவர் திருடுகிறார். ஆனால் அவரது குற்றத்திற்கான தண்டனையை யாரென்று அறியாத நோயாளி ஏன் ஏற்க வேண்டும்?

‘விலக மனம் உண்டு, இடம்தான் இல்லை’ என்பது இன்னொரு சமாதானம். ஒருவரால் செய்ய முடியாததை அவருடைய கடமை என்று கூற இயலாது என்பது கான்ட்டின் தத்துவத்தை ஒட்டி அடிக்கடி சொல்லப்படுவது. நெரிசலில் நான்கு பக்கமும் அடைபட்ட ஓட்டுநரை இது விடுவித்துவிடுவதாகத் தோன்றும். ஆனால் குடிபோதையில் அறியாமல் தவறு செய்தவனை அரிஸ்டாட்டில் விடுவிப்பதில்லை. அந்த அறியாமையை வரவழைத்துக்கொண்டவனே அவன்தான் என்கிறார். இயலாமைக்கும் இது பொருந்தும். முன்வண்டியின் பின்புறத்தை முட்டும் அளவுக்கு நெருங்கி நின்றவர், கிடைத்த இடைவெளியில் இருசக்கர வாகனத்தை நுழைத்தவர், வளைவில் ‘ஐந்து நிமிடந்தானே’ என்று காரை நிறுத்திச் சென்றவர்: இவர்கள் ஒவ்வொருவரும் விலக இடமில்லாத நிலையை ஒலி கேட்பதற்கு முன்பே உண்டாக்கிவிட்டனர். ஒலி கேட்டபின் அவர்களது மனம் துடிப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தவறு நிகழ்ந்தது அப்போதல்ல.

ஜெர்மனியின் நெடுஞ்சாலை விதி இதனை நன்கு உணர்ந்திருக்கிறது. அங்கு போக்குவரத்து நடைவேகத்திற்குக் குறைந்ததுமே, ஆம்புலன்ஸ் எதுவும் கண்ணில் படாத நிலையிலும், இடக்கோடி வரிசையினர் இடப்புறமும் மற்றவர்கள் வலப்புறமும் ஒதுங்கி நடுவே ஒரு பாதையைத் திறந்து வைக்க வேண்டும். நமது நகரங்களில் அப்படியொரு பாதை திறந்தால் அடுத்த நொடியே அதில் பத்து ஸ்கூட்டர்கள் நிற்கும். அதனால் விதி பொய்யாகிவிடாது, கடினமாகிறது, அவ்வளவே.

நல்ல மனத்துடன் செய்யும் தவறுகளும் உண்டு. பதற்றத்தில் திடீரென பிரேக் போடுபவர் பின்னால் வருபவரை விபத்துக்கு உள்ளாக்குகிறார். கண்ணாடியில் பார்த்து, விளக்கால் குறிப்புக் காட்டி, வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்குவதே முறை. சிவப்பு விளக்கை எச்சரிக்கையுடன் கடக்கும் அனுமதி அவசர ஊர்திக்கு மட்டுமே உரியது. முன்னால் நிற்பவர் அதைத் தமக்கும் உரியதாகக் கருதிக் குறுக்குப் போக்குவரத்தில் பாய்ந்தால், ஆம்புலன்சுக்கு இன்னொரு நோயாளி கிடைப்பார். திறந்த வழியில் ஆம்புலன்சை ஒட்டியே பின்தொடர்ந்து விரைபவரைக் குறித்து என்ன சொல்வது! பிறர் ஒருவரது உயிருக்காக விட்டுக்கொடுத்ததை அவர் தம் அலுவலகத்திற்காக எடுத்துக்கொள்கிறார்.

2014 ஜூன் மாதம் சென்னையில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவை 14 நிமிடங்களுக்குள் கடந்து இன்னொரு மருத்துவமனையை அடைந்தது. காவல்துறையினர் வழிநெடுகச் சாலையைத் திறந்து வைத்திருந்தனர். உடலிலிருந்து எடுத்த இதயத்திற்கு ஏறத்தாழ 4 மணி நேரமே அவகாசம். அன்று ஓரமாக நிறுத்தப்பட்டவர்களுள் பலர், எதற்காக நின்றோம் என்பதை மறுநாள் செய்தித்தாளில்தான் அறிந்திருப்பார்கள். மற்ற நாட்களில் வழிவிடுபவருக்கு அந்தச் செய்தித்தாளும் கிடையாது. ஊர்தி கடந்து செல்கிறது, ஒலி தேய்கிறது, பச்சை விளக்கு அணைந்து மீண்டும் சிவப்பு எரிகிறது. உள்ளே இருந்தவர் பிழைத்தாரா என்று அவர் ஒருபோதும் அறியப்போவதில்லை.