யாரிடமும் சொல்லமாட்டீர்களே?

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே, சிஸ்டர்?" பள்ளிகளில் ஆற்றுப்படுத்தும் பணி செய்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. சொல்லமாட்டேன் என்றால் பிள்ளை மனம் திறக்கும்; தயங்கினால் வாய் மூடிக்கொள்ளும். இதற்கு நேர்மையான விடைதான் என்ன?

கத்தோலிக்கரான நமக்கு இரகசியம் என்றதும் ஒப்புரவு அருட்சாதனமே நினைவுக்கு வருகிறது. அங்குக் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது. திருச்சபைச் சட்டம் 983 இதில் விதிவிலக்கு ஏதும் வைக்கவில்லை. ஆனால், ஆற்றுப்படுத்தும் அறை பாவசங்கீர்த்தனத் தொட்டி அன்று. அங்கு வரும் பிள்ளை பல வேளைகளில் பிறர் தனக்கு இழைத்த தீங்கையே சுமந்து வருகிறது. கேட்டவர் மௌனம் காத்தால் பாதுகாப்புப் பெறுவது யார்?

2021 நவம்பரில் நம் கோவை மாநகரில் 17 வயது மாணவி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பாலியல் தொல்லை தந்தார் என்ற புகாரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைதானார். தெரிந்திருந்தும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைதானார். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தெளிவாகவே பேசுகிறது. குழந்தைக்கு எதிராக அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என அஞ்சும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. தவறினால் தண்டனை உண்டு. நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை.

கொங்கு மண்ணில் மானம் பெரிது. பெண்பிள்ளையின் பெயர் கெடுமே என்று பெற்றோரும், பள்ளியின் பெயர் கெடுமே என்று நிர்வாகமும் ஒருசேர மூடிவைப்பதற்கு 'இரகசியம் காத்தல்' என்ற கண்ணியமான பெயர் கிடைத்துவிடுகிறது. (நம் பள்ளிகள் இதற்கு விலக்கென்று நாம் சொல்வதற்கில்லை.)

சரி, வெளியே சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் பள்ளிக்கு வராதிருந்தார். காரணம் கேட்கப்பட்டபோது, உடன்பயிலும் மாணவர் சிலர் தம்மைத் துன்புறுத்துவதைத் தெரிவித்தார். அன்றிரவே அவர் வீட்டினுள் புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இருவரும் பிழைத்தது இறையருள். கேட்பதற்குப் பள்ளியில் ஆளிருந்தது. கேட்டபின் அப்பிள்ளையைக் காக்க ஏற்பாடில்லை. இதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நல்லதே. ஆயினும் அவருடைய காதில் விழுந்தது அன்று மாலைக்குள் எங்கெங்கு போய்ச் சேருகிறது என்பதையும் யாரேனும் கவனித்தாக வேண்டுமே!

ஆகவே, பிள்ளையின் கேள்விக்கு "மாட்டேன்" என்று முழு வாக்குறுதி தருவது, அன்பினால் தரப்பட்டாலும், பொய்யே என நாம் கருதுகிறோம். "உனக்கோ மற்றவர்க்கோ ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும், யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உனக்குச் சொல்வேன்" என்று பேச்சுத் தொடங்குமுன்னரே கூறிவிடலாம். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் எழுந்து போய்விடும். அந்த இழப்பு உண்மையானது. அதைச் சிறிதென்று நாம் சொல்லவில்லை. எழுந்து போகும் பிள்ளைக்காக, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைத் தலைமையாசிரியர் அறைக்குள் அன்று, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாயடிச் சுவரில் எழுதிவைக்கலாம்.