சுருள்கள் போயின, வார்த்தை நிலைத்தது

தியானப் பகுதி: உபாகமம் 6:4–9, 1 இராஜாக்கள் 19:9–13

மும்பை கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் துறைமுக வழித்தட மின்ரயில் ஏறித் தெற்கே செல்லுகிறவர், கடைசி நிலையத்துக்கு முந்தின நிலையத்தில் இறங்கலாம். அதன் பெயர் மஸ்ஜித். அருகே, சாமுவேல் தெருவில், 1796-ம் ஆண்டு கட்டப்பட்ட யூத ஜெபஆலயம் ஒன்று இருக்கிறது. எபிரெய மொழியில் அதன் பெயருக்கு 'இரக்கத்தின் வாசல்' என்று பொருள். நிலையத்தின் பெயரே அந்த ஆலயத்தால் உண்டானது என்பாரும் உண்டு. மாட்டுங்காவிலும் தாராவியிலும் தலைமுறைகளாய் வாழும் தமிழ் விசுவாசிகளில் அநேகர் அவ்வழியே வேலைக்குச் சென்று திரும்பியும் அந்த வாசலை அறியார்கள். தேவனுடைய வார்த்தையின் வல்லமைக்கு அங்கே ஒரு சாட்சி உண்டு.

அதைக் கட்டினவர்கள் பெனெ இஸ்ரவேலர், அதாவது இஸ்ரவேல் புத்திரர். அவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் கொங்கணக் கடற்கரையில் நவ்காவ் அருகே உடைந்துபோயிற்று என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே கரை சேர்ந்தார்கள் என்றும் அவர்களுடைய பாரம்பரியம் கூறுகிறது. வேதச்சுருள்களைக் கடல் கொண்டுபோயிற்று. அவர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள், மராத்தி பேசினார்கள், எபிரெயத்தை மறந்தார்கள். ஆனாலும் ஓய்வுநாளில் செக்கை நிறுத்தினார்கள். ஆகவே ஊரார் அவர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று அழைத்தனர். விருத்தசேதனத்தைக் கைவிடவில்லை. கர்த்தர் ஒருவரே என்று அறிக்கையிடும் ஒரே ஒரு எபிரெய வசனத்தைப் பிறப்பிலும் விவாகத்திலும் அடக்கத்திலும் சொல்லிவந்தார்கள்.

புத்தகம் இல்லை, போதகர் இல்லை, ஆலயமும் இல்லை. இருந்தும் அந்த ஒரு வசனம் ஒரு ஜனத்தை நூற்றாண்டுகளாய்த் தாங்கிற்று!

அவ்வசனத்தின் முதற்சொல் 'ஷெமா'. எபிரெயத்தில் அது செவியால் கேட்பதை மட்டுமல்ல, கீழ்ப்படிவதையும் குறிக்கும். தேவசமுகத்தை உணர விரும்புகிறவன் முதலாவது செய்யவேண்டியது இதுவே. தமிழ் வேதாகமத்தில் 'சமுகம்' என்று வாசிக்கும் இடங்களில் மூலமொழியில் பெரும்பாலும் 'முகம்' என்ற சொல்லே வருகிறது. மோசே வனாந்தரத்தில் கேட்டதும் அதுதான். கர்த்தருடைய முகம் உடன்வராவிட்டால் வாக்குத்தத்த தேசமும் அவனுக்கு வேண்டாம்.

பெனெ இஸ்ரவேலர் மிகவும் கனப்படுத்தும் தீர்க்கதரிசி எலியா. அவல், தேங்காய், பழங்கள் வைத்து அவர்கள் ஸ்தோத்திரம் செலுத்தும் 'மலிதா' என்னும் சடங்கில் அவருடைய பெயர் நினைவுகூரப்படுகிறது. ஓரேபில் அந்த எலியாவுக்குமுன் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. கர்த்தரோ அவற்றில் இருக்கவில்லை. பின்பு வந்த மெல்லிய சத்தத்திலே அவன் முகத்தை மூடிக்கொண்டான். வல்லமை என்றால் ஆரவாரம் என்று எண்ணுகிறவர்களுக்கு இது எச்சரிப்பு.

ஜெபஆலயத்தைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாயிருந்தவர். மைசூர்ப் போரில் சிறைப்பட்ட அவர், தாம் இஸ்ரவேல் புத்திரன் என்று அறிவித்ததினால் உயிர் தப்பினார் என்றும், அந்த இரக்கத்துக்கு நன்றியாகவே ஆலயம் எழுப்பினார் என்றும் அவருடைய ஜனத்தார் சொல்லிவருகிறார்கள். பிதாக்கள் காத்துவந்த அடையாளம், மரண நிழலில் பிள்ளையைக் காத்தது.

தமிழ் ஜனத்துக்கோ சுருள் கடலில் போகவில்லை. கடல் கடந்து வந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1719-ல் மரிக்கும்போது பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம்வரை மொழிபெயர்த்திருந்தார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ச். 1728-ல் அச்சுப்பணி நிறைவேறிற்று. ஒருவர் ஜீவன் முடிந்த இடத்தில் மற்றொருவர் எழுதுகோலை எடுத்தார்.

இன்று கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள வீடுகளில் தமிழ் வேதாகமம் அலமாரியில் பத்திரமாயிருக்கிறது. பாட்டி அதை வாசிக்கிறாள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ படிக்கும் பேரனுக்கு அதன் எழுத்துத் தெரியாது. எழுத்து அறியாதது பெரும் இழப்பே. அதிலும் பெரிய இழப்பு, எந்த மொழியிலும் அவனோடு அந்த வார்த்தையை ஒருவரும் பேசாமலிருப்பது. வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும், வழியில் நடக்கையிலும், படுக்கையிலும், எழுந்திருக்கையிலும் பிள்ளைகளோடு பேசவேண்டும் என்றே மோசே கட்டளையிட்டான். அலமாரியில் வைத்துக் காக்கும்படி அவன் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, இன்று இரவு பிள்ளையை அருகில் அழைத்து ஒரு வசனத்தை மாத்திரம் அவனோடே சொல்லுங்கள். அவன் அறிந்த மொழியில் அதின் பொருளைச் சொல்லுங்கள். நாளைக்கும் அதையே சொல்லுங்கள். கப்பல் உடைந்த நாளிலும் நிலைத்தது அப்படிச் சொல்லப்பட்ட வசனமே. வீட்டின் நடுவே அந்த மெல்லிய சத்தம் கேட்கும்போது, தேவனுடைய முகம் தூரத்தில் இல்லை.