மக்கு என்பவன் யார்?

ஒரு பிள்ளையை அறிவிலி என்று தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும், தானா ராத்தா, ரிங்லெட் முதலிய பட்டணங்களிலும் பிள்ளை வளர்க்கும் நம்மவர் ஒவ்வொருவரும் இக்கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மாலையில் பிள்ளை புத்தகத்தை விரிக்கிறான். முதல் வரியில் 'மலை' என்று சரியாக வாசித்தவன், மூன்றாம் வரியில் அதே சொல்லைக் கண்டு திகைக்கிறான். தந்தை பிரம்பை எடுக்கிறார். தாய் தலையிலடித்துக் கொள்கிறாள். மக்கு என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பிள்ளை, காதால் கேட்ட கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்கிறான். கடைக்கணக்கை மனத்திலேயே போடுகிறான். மக்குக்கு இவை எவ்வாறு கைவந்தன? இதை நாம் ஆராய்வதில்லை.

ஆராய்ந்தோர் உளர். இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் வைத்தியர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-ல் எழுதினார். அவன் விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கணக்கில் தேர்ந்தவன். பல்லாண்டு பயின்றும் வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து. அவ்விடர்ப்பாடு இன்று டிஸ்லெக்சியா எனப்படுகிறது. அது கண்ணின் குறையன்று, சோம்பலன்று, அறிவுக் குறைவுமன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடே அது. குடும்பவழியாக அது தொடர்வதும் உண்டு. ஆகவே, இன்று பிரம்பெடுக்கும் தந்தையே தம் இளமையில் அதே பிரம்புக்கு இரையானவராயிருக்கலாம். அவரையும் மக்கென்றுதான் உலகம் கூறியிருக்கும். அவரும் அதை நம்பியிருப்பார்.

நம் எழுத்துகள் 247. 'கெ' என்பதில் பின்னர் ஒலிக்கும் உயிர், எழுத்தில் முன்னே நிற்கிறது. 'கொ' என்பதிலோ இருபுறமும் நிற்கிறது. ல, ள, ழ வேறுபாடு வேறு. இவற்றோடு மலாயும் ஆங்கிலமும் ஒரே வயதில் வந்து சேர்கின்றன. கற்போரின் இலகுவைக் கருதியன்றோ 1935-ல் குடி அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டது? 1978-ல் தமிழ்நாட்டு அரசும் அதில் ஒரு பகுதியை ஏற்றது. எழுத்தையே மாற்றத் துணிந்த சமூகம், கற்பிக்கும் முறையை மாற்றத் தயங்குவதேன்?

"எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே நேரம், ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்டுவது நீதியோ?" என்று சிலர் கேட்பர். செங்குத்துச் சரிவில் கொழுந்து கிள்ளுகிறவளிடமும், சமதரையில் கிள்ளுகிறவளிடமும் ஒரே நேரத்தில் ஒரே எடையைக் கேட்பது நீதியாகுமா என்று நம் மூத்தோரைக் கேளுங்கள். அவர்கள் முதுகு விடை சொல்லும். இப்பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு செங்குத்துச் சரிவு.

செய்யவேண்டியவை அரியனவல்ல. முதலில் ஒலியைப் பிரித்துக் காட்டுக. பின்னர் எழுத்தைத் தட்டிலிட்ட அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதி, வாயாலும் சொல்லச் செய்க. கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்கும் இம்முறையை இன்றைய நிபுணரும் கையாள்கின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளும் மணலில்தான் தொடங்கின. நாள்தோறும் சிறிது நேரம் போதும். பாடத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுக. வாய்மொழியாக விடை கேட்க. பிறர்முன் வாசிக்கச் சொல்லி நகையாடற்க. மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் கோலாலம்பூரில் தோன்றியது. ஆயின் தானா ராத்தாவிலிருந்து அந்நகர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எனவே இக்குறையை முதலில் கண்டறிய வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும் பெற்றோருமே.

படிப்பு வராவிட்டால் கூடை இருக்கிறது என்று நம் முன்னோர் ஆறுதலடைந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அக்கூடைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் முதுகில். படிப்பையும் இழந்து கூடையையும் இழந்த பிள்ளை எங்கே போவான்? அவனை வாசிக்க வைக்க வழி இருந்தும் அதை நாடாமல், மக்கு என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டுக் கையலம்பிக்கொள்கிறோம். அப்பட்டம் உண்மையில் யாருக்குரியது என்பதை வாசகர்களே சிந்தித்து முடிவு செய்யட்டும்.